பீடி உண்டா என்று மட்டும் கேட்டோம்

மார்கழி, தை மாதங்களில் எங்கள் புறநோயாளிப் பிரிவின் வாசலில் ஒரு பெஞ்சு தனியாகத் தெரியும். அதில் இருப்பவர்கள் யாரும் சாய்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி, தோள்களை ஏற்றி, முன்பக்கமாகக் குனிந்திருப்பார்கள். பேச்சு இருக்காது, பேசினால் மூச்சு வாங்கும். “புகை வைக்க வந்தவங்க” என்று செவிலியர் சொல்வார். நெபுலைசர் முகமூடியை மாட்டி, ஓர் ஊசி போட்டு, மூன்று நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவோம். இருபது நிமிட வேலை. அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ அதே பெஞ்சில் அதே ஆள் இருப்பார். எங்களுக்குள் அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: ‘ரெகுலர்’. அந்தச் சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன்.

சிறு நகரத்து மருத்துவர்களாகிய நாங்கள் இந்த இழுப்புக்காரர்களுக்குச் செய்யத் தவறியதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ‘நாங்கள்’ என்று எழுதுவது பழியைப் பங்குபோட்டுக் குறைத்துக்கொள்வதற்காக இல்லை. இதில் சொல்லப்போகிற ஒவ்வொரு தவறையும் நானும் செய்தேன். பக்கத்து அறையில் இருந்தவரும் செய்தார், எனக்கு முன்னால் இருந்தவரும் செய்தார். எல்லோரும் செய்ததால்தான் அது தவறாகவே யார் கண்ணுக்கும் படவில்லை.

நெஞ்சு நோய்க்கு எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட முதல் கேள்வி, “பீடி, சிகரெட் உண்டா?” ஆண்களிடம் விடாமல் கேட்போம். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு, எத்தனை வருஷமாக என்று கணக்குப் போடுவோம், கடிந்துகொள்வோம். பெண்களிடம் அதைக்கூடக் கேட்க மாட்டோம். நாங்களாகவே ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று எழுதிக்கொள்வோம். புகைக்காத அறுபது வயதுப் பெண்ணுக்கு இழுப்பு என்றால் ஆஸ்துமா. சீட்டு முடிந்தது.

அவர் நின்ற அடுப்படியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சீமைக்கருவேல விறகு, வறட்டி, பருத்திமார், மழைக்காலத்தில் ஈரம் காயாத தென்னை மட்டை. ஜன்னல் இல்லாத மூலை, கரி பிடித்துக் கறுத்த கூரை. நெல் அவிக்கிற நாளென்றால் விடிகாலையில் மூட்டிய அடுப்பு உச்சிவெயில் வரைக்கும் அணையாது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஊதாங்குழல். நாளைக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஐம்பது ஆண்டுகளில் ஐம்பத்து நான்காயிரம் மணி நேரத்துக்கு மேல் அந்தப் புகைக்குள் நின்றிருக்கிறார். எங்களில் பாதிப்பேர் அப்படிப்பட்ட அடுப்பில் வெந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊதிய அம்மாவைப் பார்த்துக்கொண்டு அந்த அடுப்பு வெளிச்சத்தில் பாடம் படித்தவர்கள். படித்து முடித்து வந்த பிறகு, புகை என்றால் பீடி என்று மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் போகவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, பணக்கார நாடுகளில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் புகையிலையால் வருகிறது; நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலையின் பங்கு முப்பது முதல் நாற்பது சதவீதம்தான், வீட்டுக்குள் சூழும் புகை இங்கே பெரிய காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சென்னைப் போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனின் குழு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடுப்படிக் காற்றை அளந்து 2002ஆம் ஆண்டிலேயே முடிவுகளை வெளியிட்டிருந்தது. நாட்டில் 2016ஆம் ஆண்டில் 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் மதிப்பீடு வந்தது. எங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் அந்தக் கணக்கில் வருபவர்கள் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இலவச எரிவாயு அடுப்பு 2007இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வரத் தொடங்கியது. 2016இல் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டோம். சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் குளிக்க வெந்நீர் எதில் காய்கிறது, மாட்டுக்குத் தீவனம் எதில் வேகிறது, மாசக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்தால் சோறு எதில் பொங்குகிறது என்று கேட்டிருந்தால் பதில் கொல்லைப்புறத்தில் இருந்தது.

நோயைக் கண்டுபிடிக்கும் விஷயத்தில் செய்தது இன்னும் மோசம். ரத்தத்தில் பார்க்காமல் ஒருவரைச் சர்க்கரை நோயாளி என்று சொல்ல மாட்டோம். கையில் பட்டை சுற்றாமல் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுத மாட்டோம். ஆனால் ஒருமுறைகூட ஊதிப் பார்க்கச் சொல்லாமல் பத்து வருஷம், பதினைந்து வருஷம் இழுப்புக்கு மருந்து கொடுத்திருக்கிறோம். ஸ்பைரோமெட்ரி பெரிய வித்தை இல்லை. மூச்சை நிறைய இழுத்து, ஒரு குழாயில் வேகமாக ஊத வேண்டும். மொத்தம் ஊதிய காற்றில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வெளியே வந்தது என்று அது அளக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது பத்தில் ஏழு பங்குக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று அர்த்தம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்தக் கருவி இருந்தது. அதற்குரிய வாய்க்குழல் தீர்ந்துபோய், வாங்கித் தரச் சொல்லி யாரும் எழுதாமல், அலமாரியில் இரண்டு ஆண்டுகள் இருந்தது. எழுதியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு மருந்து. இழுப்புக்குச் சரியான மருந்து உறிஞ்சி இழுக்கிற மருந்துதான். அதைக் கையில் கொடுத்துவிட்டு, “காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு” என்று சொன்னோம். எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்திலிருந்து வரும் அம்மா ஒருவர் ஒருநாள் சொன்னார்: “நீங்க குடுத்த கேப்சூலைத் தவறாம முழுங்குறேன் தம்பி. ஒண்ணும் கேக்கல.” கருவிக்குள் போட்டு, துளைத்து, உள்ளே இருக்கும் பொடியை இழுக்க வேண்டிய மருந்து அது. நான்கு மாதமாகத் தண்ணீர் ஊற்றி முழுங்கியிருக்கிறார். கருவி டப்பாவோடு பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. செய்துகாட்ட ஐந்து நிமிடம் ஆகும். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள் என்று அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் மிச்சம் பிடித்தோம். அந்த மிச்சத்துக்கு அவர் நான்கு மாதம் மூச்சால் விலை கொடுத்தார்.

‘இன்ஹேலர் எடுத்தா பழகிப்போகும், கடைசி மருந்து அது’ என்ற பயம் ஊருக்குள் இருக்கிறது. அந்தப் பயத்தை உட்கார்ந்து பேசிப் போக்காமல், கேட்டவர்களுக்குச் சுலபமாக மாத்திரையையும் ஊசியையும் கொடுத்தோம். ஸ்டீராய்டு மாத்திரை இரண்டே நாளில் கேட்கும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்கினார்கள். முகம் ஊதி, தோல் மெலிந்து, கடைசியில் இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களையும் பார்த்தோம். சீட்டு எங்களுடையதுதான்.

சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மூச்சு வாங்கி வாசல் தாண்ட முடியாதவர்களை விட வாசலில் மருந்து வேண்டியவர் யார்? அப்போது இழுப்புக்காரர்களின் பட்டியலையும் தயார் செய்து கேட்கலாம் என்று எங்கள் வட்டாரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களிடம் பட்டியலே இல்லை.

இதெல்லாம் மருந்து, கருவி, கணக்கு. இவற்றைவிடப் பெரிய தவறு வேறொன்று. அவர்கள் எங்களிடம் வந்த அந்த இருபது நிமிடம் தவிர மற்ற நேரத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

கேப்சூல் முழுங்கிய அம்மா ஒருமுறை தலைமுடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏதோ வேண்டுதல் போலும் என்று நினைத்துக்கொண்டேன். எங்களோடு அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏம்மா முடிய வெட்டிட்டீங்க?” என்று கேட்டாள். “கையத் தூக்கித் தலை பின்ன முடியல பாப்பா. பாதி பின்னறதுக்குள்ள மூச்சு போயிருது. மருமக காலைல வேலைக்குப் போறவ, அவளப் போய்ப் பின்னி விடச் சொல்லுவனா?” கையை உயர்த்தும்போது, மூச்சுக்குத் துணைநிற்கும் தோள்தசைகள் அந்த வேலைக்குப் போய்விடும்; மூச்சு அப்போதே தடுமாறும். புத்தகத்தில் படித்த விஷயம்தான். அது ஒரு பெண்ணின் கூந்தல் என்று படிக்கவில்லை.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னார். முக்காலியில் உட்கார்ந்துதான் குளிப்பது. மாரியம்மன் கோயிலுக்குப் போய் மூன்று வருஷம் ஆயிற்று. சாப்பிட்டால் மூச்சு முட்டுவதால் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டது. படுத்தால் அடைப்பதால் மடியில் தலையணையை வைத்துக் குனிந்தபடி தூங்குவது. பேத்தி கல்யாணத்தில் இருமல் வந்து எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், தாலி கட்டும் முன்பே மண்டபத்துக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. “டாக்டர் கிட்ட இதையெல்லாமா சொல்றது?” என்று என்னைப் பார்த்தார்.

பிரிட்டனில் நிலக்கரித் தூசி தின்ற வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த சார்லஸ் ஃபிளெட்சர் சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே இதைக் கேட்கத் தொடங்கினார். உன் வயதுக்காரரோடு சமமாக நடக்க முடிகிறதா, சற்று நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறதா, உடுத்தும்போதே மூச்சு வாங்குகிறதா என்ற எளிய படிகள். இன்றும் உலகெங்கும் பயன்படும் அளவுகோல் அதிலிருந்து வந்தது. நாள்பட்ட நோயாளியின் அன்றாடத்தை எட்டே கேள்வியில் அறிந்துகொள்ளும் படிவமும் இருக்கிறது: இருமல், சளி, நெஞ்சுப் பாரம், படியேறுவது, வீட்டு வேலை, வெளியே போகும் தைரியம், தூக்கம், தெம்பு. இரண்டு நிமிடம் போதும். அந்த அளவுகோல் எங்கள் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்ததுண்டு. நாங்கள் சரியாக எழுதியிருக்கிறோம்.

வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பது மென்மையான விஷயம், உயிர் பிழைப்பதுதான் கடினமான விஷயம், முதலில் உயிரைப் பார்ப்போம் என்று நாங்கள் நினைத்தோம். அந்தப் பிரிவினையே தவறு என்று பார்டலோம் செல்லி என்ற மருத்துவரின் குழு 2004இல் காட்டியது. சிஓபிடி நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பதைக் கணிக்க அவர்கள் எடுத்துக்கொண்டவை நான்கு: உடல் மெலிவு, மூச்சடைப்பின் அளவு, மூச்சுவாங்கும் படி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது. நுரையீரலை மட்டும் அளந்து சொல்வதைவிட இந்த நான்கும் சேர்ந்து சாவைச் சரியாகச் சொல்லின. நான்கில் மூன்றுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் எடை மெஷின், ஒரு கேள்வி, முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு வராந்தா. ராத்திரிச் சாப்பாட்டை விட்டதும் கோயிலுக்குப் போகாததும் அவர் ஆயுளைப் பற்றிய தகவல்கள். எங்கள் வராந்தா நாற்பது மீட்டர் இருக்கும். அதில் நோயாளிகளை நிற்கவைத்தோம், நடக்கவைக்கவில்லை.

நடக்கவைக்காதது மட்டும் இல்லை, நடக்காதே என்றும் சொன்னோம். “ரெஸ்ட் எடுங்கம்மா” என்பது எங்கள் வாயில் தானாக வரும் வாக்கியம். வீட்டிலும் அன்பாக அதையே சொன்னார்கள்: நீ உட்காரும்மா, நாங்க பாத்துக்கறோம். உட்கார உட்காரத் தொடைச்சதை கரைகிறது. சதை கரைந்த கால் கொஞ்ச தூரத்துக்கே அதிக மூச்சைக் கேட்கிறது. மூச்சுக்குப் பயந்து இன்னும் உட்காருகிறார்கள். பழுதான நுரையீரலை மாற்ற முடியாவிட்டாலும், காலையும் கையையும் பழக்கி அதன் சுமையைக் குறைக்கலாம். அமெரிக்காவில் இந்த நோயால் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய ஏறத்தாழ இரண்டு லட்சம் முதியவர்களைப் பற்றிய ஆய்வு 2020இல் வந்தது. மூன்று மாதத்துக்குள் மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி அடங்கிய மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் ஓராண்டுக்குள் இறப்பது குறைவாக இருந்தது. வயதையும் நோயின் கடுமையையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. தொடங்கியவர்களோ நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வசதியுள்ள நாட்டிலும் இதே கதைதான் என்று அதைப் படித்தபோது எனக்கு ஒரு நொடி ஆறுதல் வந்தது. வந்திருக்கக் கூடாது.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சாக்பீஸால் வராந்தாவில் மூன்று மீட்டருக்கு ஒரு கோடு போட்டாள். உதட்டைக் குவித்து மெல்ல, நீளமாக மூச்சை விடும் முறையைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். அப்படி விட்டால் சிறு மூச்சுக்குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாது, தங்கிய காற்று வெளியேறும். விசில் அடிப்பது மாதிரி என்றாள், பலூன் ஊதுவது மாதிரி என்றாள். அம்மாவுக்குப் பிடிபடவில்லை. “ஊதாங்குழல்ல ஊதுவீங்கல்ல, அப்படி” என்றதும் அவர் உதடு குவிந்தது. தணல் சாம்பலாகப் பறக்காமல் கனிய வேண்டுமென்றால் எவ்வளவு மெதுவாக ஊத வேண்டும் என்று ஐம்பது வருஷமாகத் தெரிந்த உதடு. மூச்சைக் கெடுத்த இடத்தில் கற்ற வித்தை அவருக்கு மூச்சைத் திருப்பித் தந்ததை அன்று நின்று பார்த்தேன். மூன்று வாரத்தில் அவர் இரண்டு கோடு கூடுதலாக நடந்தார். ஒப்பந்த வேலை முடிந்து அந்தப் பெண் போய்விட்டாள். அவள் இடத்துக்கு இன்னொருவரைக் கேட்டு எழுதியதாக எனக்கு நினைவில்லை. கோடுகள் கழுவிவிட்டதில் அழிந்தன.

ஆக்சிஜனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன நோயாளிக்கு அது ஆயுளை நீட்டும் என்பது 1981இலேயே நிறுவப்பட்டது. பிரிட்டனில் 87 பேரை வைத்து நடந்த ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 19 பேர். பெறாத 45 பேரில் 30 பேர். கொரோனா இரண்டாம் அலையில் நல்ல மனிதர்கள் கொடுத்த ஆக்சிஜன் செறிவூட்டிகள் எங்கள் ஊருக்கும் வந்தன. அலை ஓய்ந்ததும் உறை போட்டு ஸ்டோரில் அடுக்கினோம். வெளியே பெஞ்சில் நீலம் பாய்ந்த உதட்டோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இரவல் பதிவேடு ஒன்று போட்டு வீட்டுக்குக் கொடுக்கலாமே என்று முதலில் கேட்டவர் மருத்துவர் இல்லை, எங்கள் மருந்தாளுநர்.

அப்படி ஒன்று அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனது. சில மாதம் கழித்து மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஆள் வந்தா மட்டும் போடுது சார். கரண்ட் பில்லுக்குப் பயந்துகிட்டு நிறுத்திருது.” அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். 350 வாட் கருவி, 15 மணி நேரம்; நாளுக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட்டைத் தாண்டும். அப்போது இலவசம் நூறு யூனிட். சரக்கு வண்டி ஓட்டும் மகனுக்குச் சுமையாக வேண்டாம் என்று அவர் தன் மூச்சைச் சுவிட்சில் அணைத்து மிச்சம் பிடித்திருக்கிறார். 15 மணி நேரம் என்று சீட்டில் எழுதிய எங்களுக்கு மின்சாரம் என்று ஒன்று இருப்பது நினைவில் வரவில்லை.

கடைசிக் காலத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. புற்றுநோய் என்றால் வீட்டாரைத் தனியே அழைத்தாவது பேசுவோம். இழுப்பு என்றால் அதுவும் இல்லை. ‘தோராக்ஸ்’ இதழில் 2000ஆம் ஆண்டு வந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று, முற்றிய சிஓபிடி நோயாளிகள் 50 பேரையும் நுரையீரல் புற்றுநோயாளிகள் 50 பேரையும் ஒப்பிட்டது. மருத்துவரீதியாகக் கவனிக்க வேண்டிய பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்கள் புற்றுநோயாளிகளில் 52 சதவீதம், சிஓபிடி நோயாளிகளில் 90 சதவீதம். வலிதணிப்பு, ஆதரவுச் சிகிச்சை நிபுணர்களின் உதவி புற்றுநோயாளிகளில் 30 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. சிஓபிடி நோயாளிகளில் ஒருவருக்கும் இல்லை. இங்கே எங்கள் வழக்கம் இப்படி: நள்ளிரவில் மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும்போது, கையில் படிவத்தோடு மகனைத் தேடுவோம். “ட்யூப் போடவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க.” நாற்பது தடவை நினைவோடு எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். அம்மா, முடியாமப் போற நேரம் வந்தா எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க, யாரு பக்கத்துல இருக்கணும்? கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டோம். ஒவ்வொரு ராத்திரியும் தலையணைமேல் குனிந்து விடியலுக்குக் காத்திருப்பவர் சாவைப் பற்றி யோசிக்காமலா இருந்திருப்பார்? முகத்துக்கு நேரே ஒரு சின்ன விசிறியைப் பிடித்தால் மூச்சுத்திணறல் உணர்வு தணியும் என்பதைக்கூட நாங்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த அம்மா ஓர் ஐப்பசி மழை நாளில் வீட்டிலேயே இறந்தார். மகன் நனைந்துகொண்டே வந்தார், சான்றிதழுக்கு. அழவில்லை. “காலைல டீ கேட்டுச்சு சார், போட்டுட்டு வரதுக்குள்ள…” என்று நிறுத்திக்கொண்டார். நான் படிவத்தை எடுத்தேன். இவ்வளவும் தெரிந்த பிறகு, தலைமுடியும் கோயிலும் கரண்ட் பில்லும் எல்லாம் தெரிந்த பிறகு, மரணத்துக்கான உடனடிக் காரணம் என்ற இடத்தில் வழக்கமாக எல்லோருக்கும் எழுதுவதையே எழுதினேன்: இதயமும் சுவாசமும் நின்றுபோனது. அதற்குக் கீழே, அந்த நிலைக்கு இட்டுச்சென்ற காரணங்களை எழுத இரண்டு வரி இருந்தது. மழை வலுத்துவிடும், போக வேண்டும் என்று மகன் எழுந்தார். அந்த இரண்டு வரியையும் காலியாக விட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன்.